பிளக்குக்கு 130, மரைக்கு 11,600

ஒரு ஸ்பார்க் பிளக்கின் எடை ஏறக்குறைய 45 கிராம். நாலையும் சேர்த்துத் தராசில் வைத்தாலும் கால் கிலோவைத் தொடாது. சாதாரண நிக்கல் பிளக் ஒன்று 130 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நாலுக்கும் 520. பிக்கப் வண்டிக்குச் செய்கிற வேலைகளில் இதைவிட மலிவானவை ஏர் ஃபில்டரைத் தட்டி மாட்டுவதும் டயருக்குக் காற்றடிப்பதும்தான். இந்த 520 ரூபாய் வேலை எப்போது, ஏன் 11,600 ரூபாய் வேலையாக மாறுகிறது என்பதைத்தான் இங்கே கணக்குப் போட்டுப் பார்க்கப் போகிறோம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடலாம். கீழே வரும் விலை, கூலி, வாடகை எல்லாம் கூட்டிக் கழிக்க வசதியாக எடுத்துக்கொண்ட ரவுண்டு எண்கள். உங்கள் கடை விலையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். தொகை கொஞ்சம் ஏறி இறங்கும், முடிவு அவ்வளவாக மாறாது. அளவுகள் அப்படியல்ல. மில்லிமீட்டரும் நியூட்டன் மீட்டரும் ஜப்பானுக்கும் அயோத்தியாப்பட்டணத்துக்கும் ஒன்றுதான்.

அயோத்தியாப்பட்டணம் சேலத்துக்குக் கிழக்கே சுமார் 10 கிலோமீட்டரில் இருக்கிறது. உளுந்தூர்ப்பேட்டை போகிற நாற்கரச் சாலையும், மஞ்சவாடிக் கணவாய் ஏறி அரூர் போகிற சாலையும் இங்கே பிரிகின்றன. வாழப்பாடிப் பக்கத்துப் பாக்கு, மரவள்ளிக் கிழங்கு, தேங்காய், காய்கறி என்று லோடுக்குக் குறைவில்லாத இடம். லோடு வண்டி என்றால் இங்கே வெகுகாலம் டீசல் வண்டிதான். 2005 மே மாதம் வந்த டாடா ஏஸ், அதாவது நம் குட்டி யானை, 702 சி.சி. டீசல், இண்டிகா காரின் 1,405 சி.சி. என்ஜினைச் சரிபாதியாக வெட்டினால் வருகிற அளவு. அசோக் லேலண்ட் தோஸ்த் 1,478 சி.சி., மஹிந்திரா பொலிரோ பிக்கப் 2,523 சி.சி., இரண்டும் டீசல். டீசலுக்குப் பொறி வேண்டாம். காற்றை அமுக்குகிற சூட்டிலேயே அது பற்றிக்கொள்ளும். இருந்தால் ஹீட்டர் பிளக் இருக்கும். அது வேறு சாமான், வேறு வேலை.

2020 ஏப்ரல் 1-ல் வாகனப் புகைக்கான பி.எஸ்.6 விதி வந்தது. சின்ன டீசல் என்ஜினுக்குப் புகை சுத்தம் செய்யும் சாதனங்களை மாட்டினால் வண்டி விலை கட்டுப்படியாகவில்லை. மாருதி அன்றோடு டீசலையே கைவிட்டது; சூப்பர் கேரியில் இருந்த 793 சி.சி. டீசல் போய், 1.2 லிட்டர் நாலு சிலிண்டர் பெட்ரோலும் சி.என்.ஜி.யும் மட்டும் நின்றன. டாடா 694 சி.சி., இரண்டு சிலிண்டர், 30 குதிரைத்திறன் பெட்ரோல் ஏஸைக் கொண்டுவந்தது. 2025 ஜூனில் வந்த ஏஸ் புரோவிலும் பெட்ரோல், இரட்டை எரிபொருள், மின்சாரம் என்று மூன்று வகை, டீசல் இல்லை. ஆக ஒரே ஸ்டாண்டில் பிளக்கே இல்லாத வண்டி, 2 பிளக் வண்டி, 4 பிளக் வண்டி என்று மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. இரும்பு சிலிண்டர் ஹெட்டில் பழகிய கை, அலுமினிய ஹெட்டிலும் அதே பலத்தைப் போடுகிறது. பாதித் தகராறு அங்கேதான் தொடங்குகிறது என்பது என் எண்ணம்.

பிளக் போய்விட்டதைச் சமதளத்தில் கண்டுபிடிப்பது கடினம். மஞ்சவாடி ஏற்றத்தில் லோடோடு மூன்றாவது கியரில் மிதிக்கும்போது வண்டி இரண்டு தடவை உதறும். "மிஸ்ஸிங் அடிக்குதுங்க" என்பார் டிரைவர். காரணம் எளிது. லோடு ஏற ஏற சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். அழுத்தம் கூடினால் அதே இடைவெளியைப் பொறி தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும். புதுப் பிளக்கின் இடைவெளி வண்டியைப் பொறுத்து 0.8 முதல் 1.1 மில்லிமீட்டர் வரை. தேய்ந்து இடைவெளி அகன்ற பிளக், சந்தைத் தெருவில் மெதுவாகப் போகும்போது சமாளித்துவிடும். ஏற்றத்தில் இக்னிஷன் காயில் தருகிற வோல்டேஜ் போதாது.

தேயாமல் என்ன செய்யும்? நாலு ஸ்ட்ரோக் என்ஜினில் இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி. நிமிஷத்துக்கு 2,500 சுற்று என்றால் ஒரு பிளக்குக்கு 1,250 பொறி, மணிக்கு 75,000. சராசரி வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர் என்று கொண்டால் 30,000 கிலோமீட்டருக்கு 1,000 மணி நேரம், 7.5 கோடிப் பொறி. சில என்ஜின்களில் காயில் ஒவ்வொரு சுற்றுக்கும் பொறி விடும்; அங்கே 15 கோடி. 130 ரூபாய்ச் சாமானிடம் இதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

மாற்றாமல் ஓட்டினால் என்ன செலவு? நாளைக்கு 60 கிலோமீட்டர், மாதம் 25 நாள், 1,500 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கொடுத்தால் மாதம் 100 லிட்டர். லிட்டர் 102 ரூபாய் என்று 10,200. தேய்ந்த பிளக்கால் 5 சதவீதம் கூடுதலாகக் குடித்தால் மாதம் 510 ரூபாய். நாலு புதுப் பிளக்கின் விலை ஒரே மாதத்தில் புகையாகப் போகிறது. எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் இருக்கிற கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து அதைப் பாழாக்கினால் அது இன்னொரு பெரிய பில். அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

சரி, மாற்ற வேண்டியதுதான் என்று முடிவாகிவிட்டது. சீட்டைத் தூக்கி, கவரைக் கழற்றி, காயிலை உருவி, பிளக் ஸ்பானரை இறக்கித் திருப்பினால் அசையவில்லை. ஏன்?

மூன்று காரணம். மரையின் அடி நுனி எரியறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே கரி படிந்து இறுகுகிறது. பிளக்கின் உடம்பு இரும்பு, ஹெட் அலுமினியம். இரண்டுக்கும் நடுவே ஈரம் புகுந்தால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகி மரையை அடைக்கிறது. வாட்டர் சர்வீஸில் சீட்டுக்கு அடியில் வேகமாகப் பீய்ச்சுகிற போர் தண்ணீர், பிளக் குழியில் தேங்கிவிட்டால் தானாக வெளியேற வழி கிடையாது. என்ஜின் சூட்டில் தண்ணீர் காய்ந்து உப்பு மட்டும் தங்கும். மூன்றாவது காரணம் போன தடவை மாட்டியவரின் கை. என்னைக் கேட்டால் முதல் இரண்டையும்விட இதற்குத்தான் அதிகப் பங்கு.

அந்தக் கை எவ்வளவு பலம் போட்டிருக்கும் என்று பார்ப்போம். 14 மில்லிமீட்டர் மரையுள்ள, வாஷர் வைத்த பிளக்கை அலுமினிய ஹெட்டில் மாட்ட என்.ஜி.கே. போன்ற தயாரிப்பாளர்கள் சொல்லும் அளவு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். 12 மில்லிமீட்டர் மரைக்கு 15 முதல் 20. 10 மில்லிமீட்டர் மரைக்கு 10 முதல் 12 மட்டுமே. 25 நியூட்டன் மீட்டர் என்றால் 25 சென்டிமீட்டர் நீளமுள்ள ராட்செட்டின் நுனியில் 10 கிலோ பலம். அவ்வளவுதான், ஒரு கையால், தோளைக் கொடுக்காமல் இழுப்பது. ராட்செட்டின் மேல் பைப்பைச் சொருகி 50 சென்டிமீட்டராக்கி, 30 கிலோ பலத்தில் இழுத்தால் கிட்டத்தட்ட 147 நியூட்டன் மீட்டர். வேண்டியதைப் போல் ஆறு மடங்கு.

25 நியூட்டன் மீட்டரே பிளக்கை எவ்வளவு அழுத்திப் பிடிக்கிறது தெரியுமா? பொறியாளர்கள் போல்ட்டுக்குப் பயன்படுத்துகிற தோராயச் சூத்திரம் ஒன்று உண்டு: முறுக்கு விசையை மரையின் விட்டத்தாலும் உராய்வுக்கான 0.2 என்ற எண்ணாலும் வகுக்க வேண்டும். 25-ஐ 0.014-ஆலும் 0.2-ஆலும் வகுத்தால் 8,900 நியூட்டன் சொச்சம், ஏறக்குறைய 910 கிலோ. குட்டி யானைக்கு அனுமதித்த லோடே 750 கிலோதான். எதிர்ப்பக்கம் எரியறை வெடிப்பு பிளக்கை வெளியே தள்ளுகிற பலம்? 14 மில்லிமீட்டர் வட்டத்தின் பரப்பு 154 சதுர மில்லிமீட்டர்; அழுத்தம் 60 பார் என்று கொண்டால் 924 நியூட்டன், 94 கிலோ. பத்தில் ஒரு பங்கு. பிளக் தெறித்துவிடும் என்ற பயத்தில் இறுக்குவதற்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை.

மரையில் கிரீஸோ ஆன்டி சீஸ் பசையோ தடவி மாட்டலாமா என்பது அடிக்கடி வருகிற கேள்வி. தடவினால் உராய்வு எண் 0.2-லிருந்து 0.15-க்கு இறங்குகிறது என்று வைப்போம். அதே 25 நியூட்டன் மீட்டரில் இப்போது 1,210 கிலோ சொச்சம் அழுத்துகிறது. மூன்றில் ஒரு பங்கு கூடுதல். டார்க் ரெஞ்ச் 25 என்றுதான் காட்டும், மரை 33-ஐத் தாங்கிக்கொண்டிருக்கும். இப்போது வரும் நல்ல பிளக்குகளின் மரைக்குத் துருப்பிடிக்காத பூச்சு உண்டு. உலர்ந்தபடி மாட்டுவதே சரி. பசை போட்டே தீர வேண்டும் என்றால் முறுக்கைக் குறைக்க வேண்டும். அந்தக் குறைப்பைக் கையால் உணர்ந்து செய்கிறவர்கள் குறைவு.

இனி சூடு. பட்டறைகளில் "சூடா இருக்கும்போதே கழட்டிடுங்க, லூசா வரும்" என்பார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. அலுமினியம் ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 23 மைக்ரான் விரிகிறது, இரும்பு 12. என்ஜின் 35 டிகிரியிலிருந்து 90-க்குப் போனால் 14 மில்லிமீட்டர் துளை 0.0177 மில்லிமீட்டர் பெரிதாகும், பிளக் 0.0092 மட்டும் பருக்கும். வித்தியாசம் 0.0085 மில்லிமீட்டர். கேட்க லாபமாகத் தெரிகிறது. ஆனால் சூடான அலுமினியம் இளகியிருக்கும். மரைக்குள் அகப்பட்ட கரித்துகள் அந்த இளகலில் உரசி இழுத்துக்கொண்டு வரும். இந்த எட்டரை மைக்ரானுக்காக மரையைப் பணயம் வைக்கிறோம். அதனால்தான் தயாரிப்பாளர்கள் ஆறிய என்ஜினில் கழற்று என்கிறார்கள். எதற்கும் அசையாத பிளக்குக்கு, கை வைத்தால் பொறுக்கிற சூட்டில் ஒருதரம் முயலலாம். அது கடைசி வழி.

வீட்டில் வைத்துச் செய்வதன் லாபம் இந்த இடத்தில்தான் தெரியும். பட்டறைக்கு வண்டி காலை 10 மணிக்கு ஓடி வந்து நிற்கிறது, என்ஜின் கொதித்துக்கொண்டிருக்கிறது, பின்னால் இன்னும் மூன்று வண்டி வரிசையில். ஆற விட்டால் பட்டறைக்காரருக்கு இடம் அடைபடும், உங்களுக்கு லோடு போகும். இருவருக்கும் அவசரம். வீட்டு வாசலில் வண்டி இரவு 7 மணிக்கு நின்றால் காலை 5 வரை 10 மணி நேரம் சும்மாதான் நிற்கப்போகிறது. அந்த 10 மணி நேரத்தின் விலை பூஜ்யம். கூலி மிச்சம் என்று நினைத்துத்தான் எல்லோரும் ஸ்பானரைக் கையில் எடுக்கிறார்கள். உண்மையில் மிச்சம் இரவுதான்.

அந்த இரவை எப்படிச் செலவு செய்வது? துரு எண்ணெயை மேலே ஊற்றிவிட்டுப் படுத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. வாஷர் ஹெட்டோடு ஒட்டி இறுகியிருக்கும்வரை ஒரு சொட்டுகூட மரைக்குள் இறங்காது. எண்ணெய் மேலே குளம் கட்டி நிற்கும், அவ்வளவுதான். முதலில் எட்டில் ஒரு சுற்று கழன்றாக வேண்டும். மரையின் இடைவெளி 1.25 மில்லிமீட்டர், எட்டில் ஒரு சுற்றுக்கு 0.156 மில்லிமீட்டர் தூக்கும். அந்தச் சந்துதான் எண்ணெய்க்கு வாசல்.

ஆகவே 7 மணிக்கு நிறுத்திய வண்டியில் 10 மணிக்கு மேல், ஹெட் தொட்டால் சுடாத நிலையில் கை வைக்க வேண்டும். காயிலைக் கழற்றியதும் முதல் வேலை குழியை ஊதுவது. உள்ளே கிடக்கிற மண் பிளக்கை எடுத்த நொடியில் சிலிண்டருக்குள் விழும். டயர் காற்றடிக்கிற சின்ன பம்பு இருந்தாலும் போதும்; ஊதும்போது கண்ணை ஒதுக்கிக்கொள்ள வேண்டும். பிறகு ராட்செட்டை நேராக நிறுத்தி ஒரே சீராக இழுப்பு. மாட்டச் சொன்ன அளவின் இருமடங்கு, அதாவது 14 மில்லிமீட்டர் பிளக்குக்கு 50 நியூட்டன் மீட்டர், என் கணக்கில் எல்லைக்கோடு. 25 சென்டிமீட்டர் ராட்செட்டில் 20 கிலோ பலம். அதற்கும் அசையாவிட்டால் அன்றைக்கு நிறுத்திக்கொள்வது நல்லது. அசைந்துவிட்டால் எட்டில் ஒரு சுற்றோடு நிறுத்தி, சிரிஞ்சில் ஒரு மில்லியளவு துரு எண்ணெயைச் சுற்றிலும் விட்டு, குழியைத் துணியால் மூடிவிட்டுத் தூங்கப் போகலாம். ஒரு மில்லி ஏராளம். கால் டப்பா ஊற்றினால் மிச்சம் சிலிண்டருக்குள்தான் இறங்கும்.

எண்ணெய் எது என்பதில் சண்டை வேண்டாம். எல்லார் கையிலும் இருக்கிற டபிள்யூ.டி.-40 அமெரிக்காவில் 1953-ல் ஈரத்தை விரட்டுவதற்காகச் செய்யப்பட்டது. நாற்பதாவது கலவை பலித்ததால் அந்தப் பெயர். இறுகிய மரைக்கென்றே விற்கிற எண்ணெய் அதைவிட நன்றாக ஊடுருவும். எதுவாக இருந்தாலும் வேலை முடிந்ததும் குழியைத் துடைத்துவிட வேண்டும். காயிலின் ரப்பருக்கு எண்ணெய் ஆகாது.

காலையில் கழற்றும்போது பொறுமைக்கும் ஒரு கணக்கு உண்டு. 19 மில்லிமீட்டர் நீள மரையில் சுமார் 15 சுற்று. கால் சுற்று பின்னால், எட்டில் ஒரு சுற்று முன்னால் என்று போனால் ஒரு முழுச் சுற்றுக்கு 8 தடவை. 15 சுற்றுக்கு 120 தடவை. ஒவ்வொன்றுக்கும் 3 விநாடி என்றால் 6 நிமிஷம். நாலு பிளக்கும் அடம் பிடித்தாலும் 24 நிமிஷம். பெரும்பாலும் மூன்று நாலு சுற்றிலேயே இளகிவிடும். முன்னும் பின்னும் போவது வீம்புக்கல்ல. பின்னால் வரும்போது மரையில் சேருகிற கரித்தூளை முன்னால் போகும் அசைவு நசுக்கி, எண்ணெயோடு கலந்து நகர்த்திவிடுகிறது. ஒரே இழுப்பாகக் கொண்டுவந்தால் அந்தத் தூளே ஆப்பாகி அலுமினியத்தைச் சீவிக்கொண்டு வரும்.

புதியதை மாட்டும்போது ஸ்பானருக்கு முன்னால் பெட்ரோல் டியூப். ஒரு சாண் நீளத் துண்டைப் பிளக்கின் தலையில் சொருகி, விரலால் உருட்டி இறக்க வேண்டும். மரை கோணலாகப் பிடித்தால் டியூப் வழுக்கிவிடும்; ஸ்பானர் வழுக்காது, கோணலாகவே உள்ளே ஏற்றிவிடும். கையால் தட்டி நின்றபிறகு, டார்க் ரெஞ்ச் இல்லாவிட்டால், புது வாஷருக்கு அரைச் சுற்று முதல் மூன்றில் இரண்டு சுற்று. ஏற்கெனவே நசுங்கிய வாஷருக்குப் பன்னிரண்டில் ஒரு சுற்றே போதும். வாஷர் இல்லாமல் கூம்பாக உட்காருகிற வகைக்குப் பதினாறில் ஒன்று. பழைய பிளக்கைத் துடைத்துத் திரும்ப மாட்டும்போது அரைச் சுற்று கொடுப்பவர்கள்தான் அடுத்த தடவைக்கு வினை வைக்கிறவர்கள்.

இனி பணம்.

வீட்டில்: பிளக் 520, துரு எண்ணெய் 20, துணி முதலான சில்லறை 10. மொத்தம் 550.
பட்டறையில்: பிளக் 520, கூலி 500. மொத்தம் 1,020.
மிச்சம்: 470.

வாடகை நஷ்டத்தைப் பட்டறைப் பக்கம் எழுதவில்லை. ஆயில் மாற்றுகிற நாளிலேயே சேர்த்துச் செய்தால் தனி நஷ்டம் கிடையாது. பிளக் மீதான வரியும் இறங்கியிருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதம். 128 ரூபாய்ச் சாமான் 118. குறைப்பு முழுதாகக் கைக்கு வந்தால் நாலு பிளக்கில் 40 ரூபாய். இரண்டு பேர் டீ குடிக்கலாம்.

எதிர்ப்பக்கம், மரை போய்விட்டால்: ஹெட்டை இறக்கி ஏற்றக் கூலி 4,000. கேஸ்கெட், கூலன்ட், ஆயில் 2,500. லேத் பட்டறையில் துளையைப் பெரிதாக்கி, புது மரை வெட்டி, எஃகுச் சுருளோ புஷ்ஷோ இறக்க 1,500. ஆக 8,000. மூன்று நாள் வண்டி நிற்க, எரிபொருளும் டிரைவர் படியும் போக நாளைக்கு 1,200 என்று 3,600. மொத்தம் 11,600.

லேத் பட்டறைக்கு இந்தப் பக்கத்தில் பஞ்சமில்லை. நாமக்கல் லாரிக்கு பாடி கட்டுகிற ஊர்; சேலத்திலும் சங்ககிரியிலும் லாரியை நம்பியே பட்டறைகள் பிழைக்கின்றன. ஹெட்டை இறக்காமல் வண்டியிலேயே டேப் போட்டுச் சுருள் இறக்குகிறவர்களும் உண்டு: வேலைக்கு 2,000, ஒரு நாள் வாடகை 1,200, ஆக 3,200. ஆனால் டேப் சீவுகிற அலுமினியத் தூள் சிலிண்டருக்குள் விழும். டேப்பின் பள்ளத்தில் கிரீஸ் அப்பி, அடிக்கடி எடுத்துத் துடைத்து, கடைசியில் காற்றால் வெளியேற்றத் தெரிந்த கைக்குத்தான் இந்த வழி.

470 ரூபாய் மிச்சத்துக்காக 11,600 ரூபாய் நஷ்டத்தை எதிரே வைக்கிறோம். வகுத்தால் 4 சதவீதம். வீட்டில் நூறு தடவை செய்தால் நாலு தடவைக்கு மேல் மரை போகும் என்றால், பட்டறையில் கூலி கொடுத்திருப்பதே லாபம். பைப்பைச் சொருகிக் கழற்றுகிறவர்கள் இந்த நாலைத் தாண்டிவிடுவார்கள் என்று தயங்காமல் சொல்வேன்.

சிலிண்டர் கூடினால் ஆபத்தும் கூடும். ஒரு பிளக் தகராறு செய்யும் வாய்ப்பு 5 சதவீதம் என்று வைத்தால், 2 பிளக் வண்டியில் ஒன்றாவது மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு 9.75 சதவீதம்; 4 பிளக் வண்டியில் 18.5, 8 பிளக் வண்டியில் 33.7. எட்டு பிளக் பிக்கப் நம் ஊரில் இல்லை. அமெரிக்காவில் உண்டு, இந்த வேலையின் மிகக் கெட்ட உதாரணமும் அங்கேதான். ஃபோர்டு எஃப்-150 பிக்கப்பில் 2004 முதல் 2008 வரை வந்த 5.4 லிட்டர், சிலிண்டருக்கு மூன்று வால்வு கொண்ட வி-8 என்ஜினின் பிளக் உடம்பு இரண்டு துண்டாகச் செய்து இணைத்தது. மரைக்குக் கீழே நீண்ட குழல் பாகம். அதைச் சுற்றிக் கரி இறுகிவிடும். திருப்பினால் மேல்பாகம் கையோடு வரும், குழல் ஹெட்டுக்குள்ளேயே தங்கிவிடும். மாற்ற வேண்டிய கெடுவோ ஒரு லட்சம் மைல், அதாவது 1.6 லட்சம் கிலோமீட்டர். அதுவரை யாரும் தொடுவதில்லை. 2008-ல் ஃபோர்டு மெக்கானிக்குகளுக்கு அனுப்பிய குறிப்பு சொன்னது: என்ஜின் முழுக்க ஆறட்டும்; எட்டில் ஒன்று முதல் கால் சுற்று மட்டும் திருப்பு; கார்புரேட்டர் கிளீனரை விடு; குறைந்தது 15 நிமிஷம் காத்திரு. உடைந்த துண்டை எடுக்கவென்றே தனிக் கருவி செய்து விற்கிற கம்பெனிகளும் முளைத்தன.

இங்கிருந்து நேராக வருகிற கேள்வி, நிக்கலா இரிடியமா என்பது. நிக்கல் 1,455 டிகிரியில் உருகும், பிளாட்டினம் 1,768-ல், இரிடியம் 2,446-ல். உருகுநிலை உயர்ந்த நுனி பொறிக்கு நின்று பிடிக்கும்; ஆகவே நீண்ட ஆயுள். 90,000 கிலோமீட்டருக்குக் கணக்குப் போடுவோம். நிக்கல் மூன்று செட், 1,560, பட்டறைக் கூலி மூன்று தடவை 1,500, மொத்தம் 3,060. இரிடியம் ஒன்று 700 என்றால் நாலுக்கு 2,800; ஒரு தடவைக் கூலி 500; மொத்தம் 3,300. பட்டறையில் ஏறக்குறைய சமம். வீட்டில் செய்தால் எண்ணெய், சில்லறை சேர்த்து நிக்கல் 1,650, இரிடியம் 2,830. நிக்கல் வெகுவாக மலிவு. ஆனால் விலையைவிட எனக்குப் பெரிதாகப் படுவது காலம். மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடுகிற வண்டியில் நிக்கல் பிளக் 20 மாதத்துக்கு ஒருமுறை வெளியே வருகிறது; இரிடியம் 60 மாதம் ஹெட்டுக்குள் கிடக்கிறது. ஐந்து மழைக்காலம், ஐந்து வருஷ வாட்டர் சர்வீஸ். அடிக்கடி கழன்று மாட்டுகிற மரை பிடித்துக்கொள்வதில்லை. என்ஜினுக்கு இரிடியம்தான் என்று கையேடு எழுதியிருந்தால் அதையே போட வேண்டும். எதுவானாலும் சரி என்றால் என் ஓட்டு நிக்கலுக்கு. இரிடியம் போட்டே ஆக வேண்டியவர்கள் 30,000-க்கு ஒருதரம் கழற்றிப் பார்த்து, வாஷர் நசுங்கியிருப்பதால் பன்னிரண்டில் ஒரு சுற்று கணக்கில் மாட்டிவிட்டால் அதே பலன்.

சி.என்.ஜி. வண்டிக்கு இந்த 30,000 செல்லாது. எரிவாயுக் கலவையைப் பற்றவைக்க வோல்டேஜ் கூடுதலாக வேண்டும், நுனியும் அதிகம் சுடும், பிளக் சீக்கிரம் தேயும். கையேட்டில் பெட்ரோலுக்கு ஒரு கெடு, எரிவாயுவுக்கு ஒரு கெடு என்று இரண்டு இருந்தால் குறைந்ததை எடுத்துக்கொள்வதே புத்தி. சேலம் மாவட்டத்துக்கான நகர எரிவாயு உரிமம் 2018 ஏலத்தில் இந்தியன் ஆயிலுக்குப் போனது; சி.என்.ஜி. லோடு வண்டிகள் பெருகப் பெருக, பிளக் கடைக்காரருக்கு வியாபாரம்தான்.

கடைசி வரவு செலவு, கருவி. கிளிக் என்று சத்தம் கொடுக்கிற டார்க் ரெஞ்ச் 3,000, பிளக்கைக் காந்தத்தால் பிடிக்கிற சாக்கெட் 400, ராட்செட்டும் எக்ஸ்டென்ஷனும் 600, ஆக 4,000. இப்படிப்பட்ட ரெஞ்சின் பிழை பொதுவாக 4 சதவீதம். 25 வைத்தால் 24-க்கும் 26-க்கும் நடுவில் நிற்கும். கை மதிப்பு அந்தத் துல்லியத்துக்கு வராது. ஆனால் ஒரு வண்டிக்காரருக்கு ஒரு தடவைக்கு 470 மிச்சம் என்றால், 4,000-ஐ மீட்க 9 தடவை மாற்ற வேண்டும். 20 மாதத்துக்கு ஒன்று வீதம் 180 மாதம். பதினைந்து வருஷம், அதற்குள் வண்டியே இரண்டு கை மாறிவிடும். தனியாளுக்குக் கட்டுப்படியாகாது. ஸ்டாண்டில் 9 பெட்ரோல் வண்டிகள் சேர்ந்து வாங்கினால் தலைக்கு 445 ரூபாய். முதல் தடவையிலேயே போட்ட பணம் திரும்பி, 25 ரூபாய் மிஞ்சுகிறது. ரெஞ்சை யார் வண்டியில் வைப்பது, கடன் கேட்டால் யாருக்கெல்லாம் கொடுப்பது, உபயோகித்ததும் ஸ்பிரிங்கை அடி அளவுக்குத் தளர்த்தி வைக்காதவருக்கு என்ன அபராதம் என்பதை ஸ்டாண்டே தீர்மானித்துக்கொள்ளட்டும்.